காசிக்கு டூர்காரரோடு போகலாமா, நாமே போகலாமா? ஒரு சங்கரன்கோவில் கணக்கு

சங்கரன்கோவில் ராஜகோபுரத்துக்கு எதிரே விடுமுறை நாள் காலையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், வெளியூர் டூரிஸ்ட் பஸ் ஒன்றாவது வந்து நிற்கும். முன்பக்கம் துணி பேனர், ஜன்னல் கம்பியில் காயும் துண்டுகள். இறங்குகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம். அதற்குள் சங்கரலிங்க சுவாமி, சங்கரநாராயணர், கோமதி அம்மன் என மூன்று சந்நிதிகளையும் கும்பிட்டு, நாகசுனையை எட்டிப் பார்த்து, புற்றுமண் பிரசாதம் வாங்கி, செருப்பையும் தேடி எடுத்தாக வேண்டும். ஒன்பது நிலை, 125 அடி கோபுரத்தை நின்று அண்ணாந்து பார்ப்பதெல்லாம் நேரம் மிஞ்சினால்தான்.

இப்படி ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற உள்ளூர்க்காரர்களும், காசி என்று வந்துவிட்டால் அதே மாதிரி ஒரு குழுவில்தான் பெயர் கொடுக்கிறார்கள். விசைத்தறி ஓடுகிற வீட்டிலும் பூ மார்க்கெட் வியாபாரி வீட்டிலும் அது சும்மா வந்த பணம் இல்லை. சீட்டுப் போட்டு, மகனும் மகளும் கொடுத்ததைத் தொடாமல் வைத்து, பல வருடங்களில் சேர்ந்தது. அட்வான்ஸ் கொடுக்கிற நேரத்தில் வீட்டுப் பேரப்பிள்ளை செல்போனை நீட்டும். ரயில் டிக்கெட் இவ்வளவுதானே ஆச்சி, டூர்காரர் எதற்கு இத்தனை ஆயிரம் கேட்கிறார்?

நியாயமான கேள்விதான். ஆனால் யார் போகிறார்கள், எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாக மாறிவிடுகிறது.

டிக்கெட் சின்னச் செலவு

சங்கரன்கோவில், விருதுநகர் – தென்காசி ரயில் பாதையில் இருக்கிறது. சென்னைக்குப் பொதிகை, சிலம்பு என்று ரயில்கள் உண்டு. காசிக்கு நேரடி ரயில் வேண்டுமென்றால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய்த்தான் ஏற வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து பனாரஸுக்கு வாரம் ஒருமுறை போகிற காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் 2023 டிசம்பரில் தொடங்கியது. இரண்டு இரவுக்குக் குறையாமல் ரயிலிலேயே கழியும். ஸ்லீப்பரில் ஒரு வழிக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். முன்பு 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள், நின்றது நின்றதுதான்.

ஆக, போக வர ரயிலுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். பேரப்பிள்ளை பார்க்கிற தொகை இதுதான். ஆனால் காசி யாத்திரை காசியோடு முடிவதில்லையே! திரிவேணி சங்கமம் அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அயோத்தி சுமார் 200. முன்னோர் காரியத்துக்குக் கயா போக வேண்டும், அது இன்னொரு திசையில் சுமார் 250.

இதற்கெல்லாம் கார் பிடிக்க ஒரு நாள் வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் போனால் தலைக்கு 2,500. நான்கு நாள் சுற்றினால் ஆளுக்குப் பத்தாயிரம் காருக்கே போய்விடும். ஐந்து பேர் குடும்பமாகப் போனால் அதே கார் நாளுக்கு, தலைக்கு ஆயிரம்தான். நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் போகும்போது அதைவிடவும் குறையும். அறை வாடகையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். இரண்டு பேராகப் போகிறவர்களுக்குக் குழுவில் சேர்வது பெரும்பாலும் மலிவாகவே முடியும். நான்கைந்து பேர் இருந்து, அதில் ஒருவருக்கு இந்தி கொஞ்சம் வருமென்றால், தாங்களே போய் மிச்சம் பிடிக்கலாம்.

ஒற்றை ஆளாகச் சேர்ந்து தனி அறை கேட்கிறவர்களுக்கு இன்னொரு செலவு இருக்கிறது. 2023 மார்ச்சில் செகந்திராபாத்திலிருந்து ஐ.ஆர்.சி.டி.சி. இயக்கிய புரி – காசி – அயோத்தி பாரத் கௌரவ் ரயிலில் எட்டு இரவுப் பயணம். ஸ்லீப்பரில் வந்து, தங்குமிடத்தில் அறையைப் பகிர்ந்துகொண்டால் ஏறத்தாழ 14,000 ரூபாய். தனி ஆளுக்கு 15,300. அதற்கு முன்பு ஓடிய பாரத் தர்ஷன் ரயில்களில் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஒரு நாளைக்கு 945 ரூபாய் என்ற காலமும் இருந்தது. விலைவாசி ஏறியதைக் கூட்டிக்கொண்டு, உள்ளூர் டூர்காரர் சொல்கிற தொகையை எடைபோட இந்த இரண்டும் நல்ல படிக்கற்கள்.

நாற்பது பேர் என்கிற அனுமதிச் சீட்டு

ரூபாய்க் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. டூர் பணத்தில் பெரும்பங்கு உண்மையில் அதற்குத்தான் போகிறது.

தென்காசிப் பக்கத்தில் 60 வயது தாண்டிய ஓர் ஆச்சி, நான் தனியாகக் காசிக்குப் போய்வருகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும்? மகன் லீவு கிடைக்கட்டும் என்பார். மருமகள் முழங்கால் வலியை ஞாபகப்படுத்துவார். அந்த லீவு பல வீடுகளில் வந்ததே இல்லை. அதே ஆச்சி, நம்ம தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் போகிறார்கள், கூட்டிக்கொண்டு போகிறவர் போன வருடமும் போனவர் என்று சொன்னால் பேச்சு மாறிவிடும். வாழ்க்கை முழுக்க மதுரையைத் தாண்டாத பெண்கள் கங்கையில் முழுக்குப் போட்டது பெரும்பாலும் இப்படிக் கிளம்பிய குழுக்களில்தான். அந்த அனுமதியை எந்தச் செயலியும் பதிவு செய்து தராது. ஹஜ் பயணத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 45 வயதைக் கடந்த பெண்கள், ஆண் துணை இல்லாமல் நான்கு பேர் கொண்ட குழுவாகப் போக 2018 முதல் வழி செய்யப்பட்டது. அங்கும் குழுதான் கதவைத் திறந்தது.

அடுத்தது மொழி. காசி விஸ்வநாதர் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதியில்லை. வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் போனையே நம்பிப் போகிற இளைஞருக்கும் அங்கே அரை நாள் கை ஒடிந்த மாதிரிதான் இருக்கும். இந்தி தெரியாத பெரியவர் ஒருவர் அந்தச் சந்துகளில் கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல டூர்காரர் காசியில் இறங்கியதும் தங்குமிடத்தின் பெயரையும் தன் நம்பரையும் இந்தியில் எழுதிய சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுவார். தாங்களே போகிறவர்களும் செய்துகொள்ள வேண்டிய வேலை இது. செலவு, ஒரு துண்டுக் காகிதம்.

சாப்பாட்டையும் லேசாக நினைக்க வேண்டாம். ரொட்டி இறங்காத வயிற்றுக்கு நாலாம் நாள் ஒரு ரசம் சாதம் என்பது மருந்து மாதிரி. அதனால்தான் இங்கிருந்து போகிற பல குழுக்களில் அரிசி, புளி, அப்பளத்தோடு ஒரு சமையல்காரரும் வருகிறார்.

இந்த ஏற்பாடெல்லாம் நேற்று வந்ததில்லை. சென்னையிலிருந்து ஏனுகுல வீராசாமி 1830-ல் காசிக்குக் கிளம்பியபோது நூறு பேர் அளவுக்கு உடன் போனார்கள். திரும்பி வரப் பதினைந்து மாதம் ஆனது. செட்டிநாட்டு நகரத்தார் காசியில் கட்டிவைத்த சத்திரம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தமிழ் யாத்ரிகர்களைத் தாங்கி நிற்கிறது. இங்கிலாந்தில் தாமஸ் குக் 1841-ல் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குச் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங்கில் ரயிலில் கூட்டிப்போனதைத்தான் நவீன சுற்றுலாவின் தொடக்கம் என்பார்கள். நம்மூர் வீராசாமியின் கூட்டம் அதற்குப் பதினோரு வருடம் முந்தியது!

எங்கே பணம் வீண்?

மொழியும் தெரியும், தூரமும் இல்லை, வீட்டிலும் விடுவார்கள் என்கிற இடத்துக்கு டூர்காரரின் தேவை அநேகமாக இல்லை.

சங்கரன்கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் இது நிலத்துக்கு உரியது. கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். ஐந்தும் சங்கரன்கோவில் – ராஜபாளையம் வட்டாரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மகா சிவராத்திரி அன்று ஒரே இரவில் ஐந்தையும் சுற்றிவருகிறவர்கள் உண்டு. ஆனால் தூரத்து ஊரிலிருந்து பல ஊர் டூரில் வருகிறவர்களுக்குச் சங்கரன்கோவில் மட்டும்தான் வாய்க்கிறது. மற்ற நான்கும் பஸ் ஜன்னலுக்கு வெளியே எங்கோ போய்விடுகின்றன. இரண்டு நாள் அறை எடுத்து, ஒரு கார் பேசி, மதியம் நடை சாத்துகிற நேரத்தை மட்டும் கவனித்துக்கொண்டால் ஒரு குடும்பமே நிதானமாகப் பார்த்துவிடலாம்.

கேரளாவும் அப்படித்தான். சென்னை – கொல்லம் எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவில் வழியாகத்தான் போகிறது. செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் குகைகளையும் பதிமூன்று கண் பாலத்தையும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்க்க டிக்கெட் மட்டும் போதும். அதே பக்கம் பஸ்ஸில் போகிற குழு டூரில் மசாலா கடை, ஹல்வா கடை என்று இறக்கிவிடுகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு படகுச் சவாரி போய்வந்திருக்கலாம்.

குழுப் பயணத்தில் முழங்கால் வலிக்காரர்களுக்கு இருக்கும் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நாற்பது பேரின் வேகத்துக்கு ஒருவர் ஓட முடியாது. ஒருவருக்காக நாற்பது பேரும் காத்திருக்க மாட்டார்கள். காலை மூன்றரைக்கு எழுந்து குளித்து ஐந்துக்குப் பஸ் என்கிற அட்டவணையில், ஒரு பெரியவர் பாதி கோயில்களைப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்தே பார்ப்பதுண்டு. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், அடிக்கடி கழிப்பறை போக வேண்டியவர்கள் மகனோ மகளோ கூட வருகிற பயணத்துக்குக் காத்திருப்பது தப்பில்லை. அல்லது இடையில் ஒரு நாள் முழு ஓய்வு தருகிற குழுவைத் தேட வேண்டும். அப்படிப்பட்ட குழு கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

முதலில், பணமே கொடுக்காமல் போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்து சமய அறநிலையத் துறை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு இலவச ஆன்மிகப் பயணம் நடத்துகிறது. 2022-23-ல் 200 பேர், மறுவருடம் 300, அதற்கடுத்து 420 என்று எண்ணிக்கை ஏறியது. 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு, ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருந்தால் வாய்ப்பு. அறுபடை வீடுகளுக்கும் இதே வயதுக்காரர்களுக்கு இலவசப் பயணம் உண்டு. துறையின் இணை ஆணையர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். மாநிலம் முழுக்க இவ்வளவு இடம்தான் என்பதால் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் இன்னொரு நன்மை, பயணம் ராமேஸ்வரத்தில் தொடங்குகிறது. அங்கே மணல் எடுத்துப் போய்த் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரோடு திரும்பி வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதுதான் பழைய முறை. பல டூர்களில் இந்த ராமேஸ்வரம் பகுதியை வசதியாக விட்டுவிடுவார்கள்.

தனியாரிடம் போகிறவர்கள் நோட்டீஸில் இருப்பதைவிட இல்லாததைக் கேட்க வேண்டும். படகுக்கு யார் பணம், கயாவில் காரியம் செய்துவைக்கிற புரோகிதருக்கு யார் கொடுப்பது, கீழ் பெர்த் உண்டா, அறைக்கு எத்தனை பேர், கழிப்பறை உள்ளேயா வெளியேயா, வழியில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் கூட இருந்து கூட்டிவருவார், கடைசி நேரத்தில் போக முடியாவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிட்டால் நல்லது. பணத்துக்கு ரசீது கட்டாயம். ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி 139-ல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தன் சொந்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் பிறருக்கு டிக்கெட் எடுத்து வியாபாரம் செய்வது ரயில்வே சட்டப்படி குற்றம். அப்படி எடுத்த டிக்கெட் பிடிபட்டால் பயணம் கெடுவது உங்களுக்குத்தான்.

டூர்காரர் நல்லவராக இருந்தாலும் பணம் மாட்டிக்கொள்ளலாம். 2025 ஹஜ் பருவத்தில் இந்தியாவின் தனியார் குழுக்களுக்கு இருந்த ஏறத்தாழ 52,000 இடங்களில் பெரும்பகுதி, சவுதி அரேபியா வைத்த கெடுவுக்குள் ஏற்பாடுகள் முடியாததால் கைநழுவிப்போனது. பிறகு 10,000 பேருக்கு மட்டும் வழி திறந்தது. வாழ்நாள் சேமிப்பைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருக்க நேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். சொன்ன வசதி தராவிட்டாலோ பணம் திரும்ப வராவிட்டாலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, டூர் நடத்தியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை.

இன்னொன்றைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. சமையல் எங்கே நடக்கும்? 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உத்தரப்பிரதேசத்திலிருந்து கோயில்களைப் பார்க்கத் தெற்கே வந்த குழு அது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். நம் ஆட்கள் காசியைப் பார்க்கப் போகிற மாதிரி நம் ஊரைப் பார்க்க வந்தவர்கள். சமையல், தங்குமிடத்தில் இறங்கிய பிறகு மட்டும்தான். ரயிலுக்குள் அடுப்பு என்று சொல்கிற குழு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு நடுவழியும் உண்டு. ரயில் டிக்கெட்டை நாமே எடுத்துக்கொண்டு, காசியில் சத்திரத்திலோ மடத்திலோ முன்கூட்டியே இடம் சொல்லிவைத்து, அங்கே தமிழ் பேசுகிற வழிகாட்டியை இரண்டு நாளுக்கு மட்டும் அமர்த்துவது. ஒருமுறை குழுவோடு போய் வழி தெரிந்துகொண்டவர்கள், அடுத்த முறை தங்கச்சியையும் மதினியையும் கூட்டிக்கொண்டு இப்படிப் போகலாம். ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டுமே. முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பர் 1 முதல். தை அமாவாசைக்குக் காசியில் இருக்க நினைக்கிறவர்கள், ரயில் கிளம்பும் தேதியிலிருந்து அறுபது நாளைப் பின்னோக்கி எண்ணி, அன்று காலை எட்டு மணிக்குப் பேரப்பிள்ளையைச் செல்போனோடு உட்கார வைத்துவிட வேண்டும்.