கொல்லையும் ஊறுகாய் ஜாடியும்

காஷ்மீரில் குளிர்காலம் கடுமையாக இருக்கும். டிசம்பர் 21-ல் தொடங்கி ஜனவரி கடைசி வரை நாற்பது நாள் குளிர் வாட்டி எடுக்கும். அந்த நாற்பது நாளுக்குத் தனிப் பெயரே உண்டு. சில்லாய் கலான் என்பார்கள். மண் உறைந்து கிடக்கும். தோட்டத்தில் எதுவும் விளையாது. ஜம்முவில் இருந்து ஸ்ரீநகர் போகும் மலைச் சாலை பனி கொட்டினாலும் அடைபடும், மண் சரிந்தாலும் அடைபடும். அப்போது லாரி வராது. லாரி வராவிட்டால் காய்கறியும் வராது.

அந்த நாட்களில் அங்கே வீடுகளில் என்ன குழம்பு வைப்பார்கள்?

அதற்கான ஏற்பாடு வெயில் காலத்திலேயே நடந்துவிடும். சுரைக்காயை வளையம் வளையமாக நறுக்குவார்கள். கத்தரிக்காயை நீளமாகக் கீறுவார்கள். தக்காளியைத் துண்டு போடுவார்கள். எல்லாவற்றையும் நூலில் கோத்துச் சன்னலிலும் சுவரிலும் தொங்கவிடுவார்கள். பாயில் பரப்பிக் காயவைப்பதும் உண்டு. நன்றாக உலர்ந்ததும் எடுத்துக் கட்டி வைப்பார்கள். இப்படி உலர்த்திய காய்களுக்கு ஹோக் ஸ்யுன் என்று பெயர். ஹோக் என்றால் உலர்ந்தது. பனிக்காலத்தில் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் குழம்பு வைக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் கொத்தவரங்காய் வற்றல் போடுகிறவர்களுக்கு இது புதிய வேலை அல்ல. காய் வேறு, ஊர் வேறு. செய்கிற காரியம் ஒன்றுதான்.

ராஜஸ்தானில் குளிர் அல்ல, வறட்சிதான் பகை. அங்கே பாலைவனத்தில் வன்னி மரம் வளர்கிறது. அந்த ஊரில் அதைக் கேஜ்ரி என்கிறார்கள். மழை பொய்த்தாலும் இந்த மரம் காய்க்கும். இதன் பிஞ்சுக் காய்க்குப் பெயர் சாங்கிரி. அதைப் பறித்து வேகவைத்து உலர்த்துவார்கள். கேர் என்று ஒரு சிறு காய் முட்புதரில் காய்க்கும். அது கசப்பானது. உப்புத் தண்ணீரிலோ மோரிலோ பல நாள் ஊறப்போட்டுக் கசப்பை எடுத்த பிறகே காயவைப்பார்கள். இரண்டையும் சேர்த்துச் சமைப்பதே கேர் சாங்கிரி. இன்று பெரிய ஓட்டல்களில் அதிக விலைக்கு விற்கும் இந்தக் கறி, பஞ்ச காலத்து ஏழை வீட்டுச் சாப்பாடாக இருந்தது. 1899, 1900 ஆண்டுகளில் வந்த பெரும் பஞ்சத்தில் காயும் தீர்ந்துபோய், வன்னி மரப் பட்டையை இடித்து மாவாக்கித் தின்று மக்கள் உயிர் பிழைத்தார்கள். 1983-ல் ராஜஸ்தான் அரசு இந்த மரத்தை மாநில மரமாக அறிவித்தது. அதற்கு இந்த மரம் முழுத் தகுதி உடையது.

சிக்கிமில் இன்னொரு வழி. கடுகுக் கீரை, முள்ளங்கிக் கீரை ஆகியவற்றை வாடவிட்டு, நசுக்கி, பானையில் காற்றுப் புகாமல் அழுத்தி மூடி வைப்பார்கள். சில நாளில் கீரை புளிக்கும். பிறகு எடுத்து வெயிலில் உலர்த்துவார்கள். இதற்குக் குண்ட்ருக் என்று பெயர். மலையில் கீரை கிடைக்காத மாதங்களில் இதைப் போட்டுப் புளிப்பாக ரசம் போல வைத்துக் குடிப்பார்கள்.

உலர்ந்த பொருள் ஏன் கெடுவதில்லை? உணவைக் கெடுப்பவை கிருமிகளும் பூசணமும். இவை உயிர் உள்ளவை. எந்த உயிருக்கும் தண்ணீர் வேண்டும். காயில் இருக்கும் தண்ணீரை வெயில் எடுத்துவிட்டால் கிருமி பெருக வழி இல்லை. உப்பும் இதே வேலையைச் செய்கிறது. நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விட்டிருக்கும். காய்க்குள் இருந்த தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. புளிப்பும் கிருமிக்கு ஆகாது. அதனால்தான் எலுமிச்சை ஊறுகாய் வருடக் கணக்கில் நிற்கிறது.

எண்ணெய் என்ன செய்கிறது? காற்றை மறைக்கிறது. மேலே எண்ணெய் நின்றால் பூசணம் பூக்காது. வடக்கே கடுகு எண்ணெய், தெற்கே நல்லெண்ணெய். ஆனால் எண்ணெய் மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. காற்றே இல்லாத இடத்தில் வளரும் கொடிய கிருமியும் உண்டு. உப்பும் புளிப்பும் சரியாக இருந்தால்தான் அது அடங்கும். ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு 150 முதல் 200 கிராம் உப்பு போடுவது வழக்கம். உப்பைக் குறைத்தால் ஊறுகாயை ஜாடியில் வைக்க முடியாது, உடனே தின்று தீர்க்க வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஊறுகாயைத் தொடாமல் இருப்பது நல்லது. அவர்களுக்கு உப்பு போடாமல் உலர்த்திய வற்றலே ஏற்றது.

ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. ஜாடியின் மேல் ஒரு சிறு தாளை ஒட்டி, போட்ட தேதியை எழுதி வைக்கலாம். எழுதத் தெரிந்த கைக்கு இது ஒரு நிமிட வேலை. எந்த ஜாடி பழையது, எதை முதலில் எடுப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

பூசணம் பிடித்துவிட்டால் என்ன செய்வது? பல வீடுகளில் மேலே உள்ளதை வழித்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுகிறார்கள். வெயிலில் ஒரு காய்ச்சல் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். இது தவறு. 1974-ல் நடந்ததைக் கேட்டால் இது விளங்கும். ராஜஸ்தானில் பான்ஸ்வாடா, குஜராத்தில் பஞ்ச்மஹால் ஆகிய மாவட்டங்களில் ஆதிவாசி மக்கள் மக்காச்சோளம் பயிர் செய்திருந்தார்கள். அறுவடை நேரத்தில் பருவம் தவறி மழை பெய்தது. கதிர் நனைந்தது. சரியாக உலராத சோளத்தை வீட்டில் சேர்த்து வைத்தார்கள். அதில் பூசணம் பிடித்தது. வேறு தானியம் இல்லாததால் அதையே தின்றார்கள். மஞ்சள் காமாலை வந்தது. வயிறு வீங்கியது. நூறு பேருக்கு மேல் இறந்து போனார்கள். அந்த வீடுகளில் நாய்களும் செத்தன. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அந்தச் சோளத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற விஷம் அதில் இருந்தது. இந்த விஷம் ஈரலைத் தாக்கும். சமைத்தாலும் முழுதாகப் போகாது.

நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் மூன்றிலும் இந்தப் பூசணம் எளிதில் வரும். நிறம் மாறிய கடலை, சுருங்கிய கடலை, கசக்கும் கடலை எதையும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. காசு போட்டு வாங்கியதை எறிய மனம் வராதுதான். எறிந்துதான் ஆக வேண்டும்.

வற்றல் போட, ஊறுகாய் போட எல்லாக் காயையும் விலைக்கு வாங்கினால் கட்டுபடியாகுமா? விலை ஒரு நிலையாக இருப்பதில்லை. 2023 மே மாதம் மகாராஷ்டிரத்தில் தக்காளிக்கு விலை இல்லாமல் விவசாயிகள் சாலையில் கொட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் பல ஊர்களில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மலிந்த காலத்தில் வாங்கி உலர்த்தியவர்கள் தப்பித்தார்கள். கொல்லையில் நாலு செடி வைத்திருந்தவர்களும் தப்பித்தார்கள்.

கொல்லை என்றால் பெரிய இடம் வேண்டும் என்பதில்லை. வங்காளத்திலும் பீகாரிலும் ஒடிசாவிலும் குடிசையின் கூரைதான் தோட்டம். சுவர் ஓரத்தில் சுரை விதையோ பூசணி விதையோ ஊன்றுவார்கள். கொடியைக் கூரையில் ஏற்றிவிடுவார்கள். காய் கூரையிலேயே படுத்து முற்றும். பறிக்க ஏணி வேண்டும், அவ்வளவுதான். ஓடு, தகரக் கூரை வெயிலில் சுடும். அங்கே ஒரு சிறு பந்தல் போட்டால் கொடி வாடாது. மண்ணே இல்லாத வீட்டில் உடைந்த பானை, சிமெண்ட் சாக்கு, பழைய வாளி எதிலும் செடி வளரும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர் அழுகும்.

முதலில் வைக்க வேண்டியது கீரை. தண்டுக்கீரை விதை தூவி ஒரு மாதத்தில் பறிக்கலாம். முருங்கைக் கிளையை வெட்டி நட்டால் போதும், தானே துளிர்க்கும். பப்பாளி ஒரு வருடத்துக்குள் காய்த்துவிடும். கறிவேப்பிலை மெதுவாக வளரும். ஆனால் வளர்ந்துவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும்.

தண்ணீருக்கு என்ன வழி? அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் இரண்டையும் கீரைக்கு ஊற்றலாம். பாத்திரம் துலக்கிய தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் விட வேண்டும். சோப்புத் தூள் அதிகம் கலந்த தண்ணீர் கீரைக்கு ஆகாது. செடியில் பூச்சி வந்தால் கடை மருந்து தேவை இல்லை. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து, மாலை வெயில் தாழ்ந்த பின் தெளிக்க வேண்டும். பறித்த கீரையை நன்றாக அலசிச் சமைத்தால் கசப்பு தெரியாது.

நல்ல விதைக்கும் பயிற்சிக்கும் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. நாட்டின் முதல் மையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடெங்கும் 700-க்கு மேல் உள்ளன. கேட்டுப் போனால் சொல்லித் தருவார்கள்.

கீரைக்கு ஏன் இவ்வளவு பேச்சு? 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு உண்மையைச் சொன்னது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100 பேருக்கு 57 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேர். படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, முகம் வெளுப்பது எல்லாம் இதன் அடையாளம். சோம்பேறி என்று மாமியார் சொல்லும் மருமகளுக்கு ரத்தம் குறைவாக இருக்கலாம். ரத்தசோகை முற்றியவருக்கு மாத்திரை வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். வராமல் தடுக்கவும், வந்தது திரும்பாமல் இருக்கவும் தினமும் நல்ல சாப்பாடு வேண்டும்.

சமைக்கும் முறையிலும் கவனம் தேவை. கீரையை முதலில் கழுவி, பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். தாளிக்கும்போது ஒரு கரண்டி எண்ணெய் விட்டால்தான் கண்ணுக்கு உரிய சத்து உடம்பில் சேரும். இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாக ஒட்டும். நெல்லிக்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டாலும் சரி. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். இரும்புச் சட்டியில் சமைப்பதும் உதவும். முருங்கைக் கீரை மிஞ்சினால் உலர்த்திப் பொடி செய்யலாம். ஆனால் அதை வெயிலில் போடக் கூடாது. வெயில் பட்டால் கண்ணுக்கு உரிய சத்து அழியும். காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். பச்சை நிறம் மாறாமல் இருந்தால் சரியாக உலர்ந்தது என்று பொருள்.

வீட்டில் வீணாகும் இன்னொரு பொருள் பழைய சேலை. வங்காளத்தில் பழைய நூல் சேலைகள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஊசியை மேலும் கீழும் ஓட்டித் தைத்துப் போர்வை ஆக்குகிறார்கள். இதன் பெயர் காந்தா. முன்பு தைக்கிற நூலைக்கூடக் கடையில் வாங்க மாட்டார்கள். சேலைக் கரையில் இருந்தே உருவி எடுப்பார்கள். பீகாரில் இதற்கு சுஜனி என்று பெயர். பிறந்த குழந்தையைச் சுற்றத்தான் முதலில் தைத்தார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி குழந்தையின் தோலை உறுத்தாது. இன்று சுஜனித் துணியில் வரதட்சணைக் கொடுமை, பெண் படிப்பு என்று தங்கள் வாழ்க்கையையே பெண்கள் படமாகத் தைத்து விற்கிறார்கள்.

தைப்பது கடினம் அல்ல. துணிகளைத் துவைத்துக் கஞ்சி போகக் காயவைக்க வேண்டும். தரையில் சுருக்கம் இல்லாமல் விரித்து, நான்கு ஓரமும் நடுவிலும் பெரிய பெரிய தையலாக ஓட்டிப் பிடிக்க வேண்டும். பிறகு நெருக்கமாகத் தைத்து முடித்து, பெரிய தையலைப் பிரித்துவிடலாம். கிழிந்த பகுதியை நடு அடுக்கில் வைத்தால் வெளியே தெரியாது.

கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்கள். இந்தப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். நடுவில் போய் முடியும். நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள். மூலையில் பூ இல்லாவிட்டால் போர்வை நிர்வாணமாக நிற்கிறது என்று அந்தப் பெண்கள் சொல்வார்கள்.