ரேகை வைத்த கைகள்

மயிலாடும்பாறையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பலருடைய சாதிச் சான்றிதழில் இருக்கும் 'சீர்மரபினர்' என்ற சொல், அதாவது குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர் என்பது, ஒரு தண்டனையின் மிச்சம். 1857 கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கிய ஆங்கிலேய அரசு, 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை வடக்கே கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, பின்னர் பிரமலைக் கள்ளர்மீது விழுந்தது. திருடினானா என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சாதியில் பிறந்த ஆண் என்பதே போதுமானதாக இருந்தது. ரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் கச்சேரியிலோ சாவடியிலோ படுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்தவர்களில் ஒருவர்.

களவு நடந்தது உண்மைதானே என்பார்கள். நடந்தது. களவு செய்தவனை விசாரித்துத் தண்டிக்கத் தண்டனைச் சட்டமும் நீதிமன்றமும் அப்போதே இருந்தன. செய்யாதவனையும் சேர்த்துக் கட்டவே தனிச்சட்டம் தேவைப்பட்டது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்ததே இந்தச் சட்டத்தால்தான் என்பது அடுத்த வாதம். அந்தப் பள்ளிகள் தலைமுறைகளைப் படிக்க வைத்தன, மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் கட்ட ஒரு சாதியையே குற்றவாளிப் பட்டியலில் எழுத வேண்டியதில்லை.

பிறப்பை வைத்துத் தண்டித்தால் அரசியலும் பிறப்பை வைத்தே எழும். சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிய முத்துராமலிங்கத் தேவரின் பின்னால் மக்கள் சாதியாகவே திரண்டார்கள். அவர் வழிவந்த மூக்கையாத் தேவர் 1957 தொடங்கிப் பலமுறை உசிலம்பட்டித் தொகுதியில் வென்றார். கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 2009-இல் போர் முடிந்ததும் இலங்கை அரசு லட்சக்கணக்கான வன்னித் தமிழரை, குழந்தைகளோடு, மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் அடைத்தது. விடுதலைப் புலிகளைப் பிரித்தெடுக்க என்று காரணம் சொன்னது. 2013-இல் வடமாகாணத் தேர்தல் நடந்தபோது 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போனது. ஒன்றாக அடைக்கப்பட்டவர்கள் ஒன்றாக வாக்களித்ததில் வியப்பில்லை.

இந்தத் திரட்சியைக் கொண்டாட மட்டும் என்னால் முடியவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் போனது. ஒருவன் செயலுக்கு அவன் சாதியே பொறுப்பு என்ற எண்ணம் போகவில்லை. 1989-இல் போடி வட்டாரச் சாதிக் கலவரத்தில் யார்மீதும் கை வைக்காத ஏழைகளின் வீடுகளும் எரிந்தன. ரேகைச் சட்டத்தில் நொந்த பாட்டன்களின் பேரர்களுக்கு, சேரியில் ஒரு பையன்மேல் புகார் என்றதும் தெரு முழுவதையும் ஒதுக்கிவைக்கும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து மறுக்கும் கடமை மற்றவர்களைவிடக் கூடுதலாக உண்டு.