கொள்வோர்க்கும் அறம் உண்டு

வாணிகத்தில் நேர்மை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவன் விற்போனே. தராசைச் சாய்ப்பவன், அரிசியிற் கல்லைக் கலப்பவன், பண்டத்தைப் பதுக்குபவன் என்று அவன்மேற் பழி கூறுதல் எளிது. வாங்குவோனுக்கும் ஓர் அறம் உண்டென்பதை நாம் பெரிதும் எண்ணுவதில்லை. நம் முன்னோர் அதனை எண்ணியதோடமையாது, முதற்கண்ணும் வைத்தனர்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளைக் கொண்டது. காவிரிப்பூம்பட்டினத்து அகன்ற தெருக்களிற் குவிந்துகிடந்த பண்டங்களை நிரல்படக் கூறும் புலவர், கடல்வழி வந்த குதிரைகள், மிளகு மூடைகள் முதலியவற்றோடு ஈழத்திலிருந்து சென்ற உணவுப்பொருளையும் மறவாது கூறுகின்றார். அந்நகரத்து வணிகரின் இயல்பை உரைக்குமிடத்து, அவர்கள் கொள்வதை மிகையாகக் கொள்ளார், கொடுப்பதைக் குறைத்துக் கொடார் என்கின்றார். கொள்ளுதல் முன், கொடுத்தல் பின். அவர்தம் நெஞ்சுக்கு உவமையாவது நுகத்தின் நடுவே செறித்த ஆணி. அவ்வாணி ஒருபுறம் நகருமாயின், அப்புறத்து எருதே பெரும்பாரம் சுமக்கும்.

இப்பகுதியை யான் பாடஞ் சொல்லுகையில் மாணவர் ஒருவர், "ஐயா, மிகையாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் இருந்தால் வணிகருக்கு ஊதியம் எங்கிருந்து வரும்?" என வினவினார். நல்ல வினா. மிக்குள்ள இடத்திலிருந்து அரிதான இடத்துக்குப் பண்டத்தைக் கொண்டுசெல்லும் உழைப்புக்கும், இடையில் நேரும் இழப்பைத் தாங்கும் துணிவுக்கும் கூலி உண்டு. அதனை விலையிற் சேர்த்து வெளிப்படக் கூறுதல் குற்றமன்று. பிறருடைய அறியாமையிலிருந்தும் இடுக்கணிலிருந்தும் பறிப்பதே குற்றம் என்றேன். வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணவேண்டும் என்ற கருத்தை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். அவ்வதிகாரம் பொருட்பாலில் இல்லை. அறத்துப்பாலில் உள்ளது என்பதும் நோக்கத்தக்கது.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டு மக்கள் எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நெடுவரிசைகளில் நின்றதை எவரும் மறந்திரார். அந்நாளில் எங்கள் ஊர்ச் சிறுகடை ஒன்றில் யான் கண்டதைக் கூறுவேன். வசதி படைத்த ஒருவர் சீனி ஐம்பது கிலோ மூடையாகவே வேண்டுமெனக் கேட்டு, கூடுதல் விலையும் தருவதாகச் சொன்னார். கடைக்காரர், "ஐயா, உங்களுக்கு மூடையைத் தந்தால் ஐம்பது வீட்டுக்கு இல்லை. ஒரு கிலோ தருகிறேன், விலை எல்லாருக்கும் போடுகிற விலைதான்" என்றார். வந்தவர் சினந்து சென்றார். பட்டினப்பாலையை அக்கடைக்காரர் கற்றிருக்கமாட்டார். ஆயினும் நுகத்தாணி அவர் நெஞ்சில் இருந்தது. விலை கொடுக்கத் தயங்காத மற்றவரோ, தாம் செய்ய முயன்றது மிகைகொள்ளல் என்பதை உணர்ந்தாரல்லர்.

இவ்வறம் கடைவீதிக்கே உரியதென்று கற்றோர் ஒதுங்குதலும் தகாது. ஆசிரியன் சம்பளம் பெறுவது கொள்ளுதல். வகுப்பிற் கற்பிப்பது கொடுத்தல். பாடத்தின் பாதியைத் தனி வகுப்புக்கென ஒதுக்கிவைப்பவனுக்கும் படியைக் குறைத்து அளப்பவனுக்கும் வேறுபாடு யாது?

மாணவர்களுக்கு ஒரு சொல். தோட்டக்காரர் சந்தைக்குக் கொண்டுவந்த வெங்காயத்தைத் திரும்பக் கொண்டுபோக வண்டிக்கூலிக்கும் வழியின்றி நிற்பார். அதனை அறிந்தே, பொழுது சாயுமட்டும் காத்திருந்து பாதி விலைக்குக் கேட்போர் உளர். வீட்டுக்கு வந்து அதனைக் கெட்டித்தனம் என்றும் சொல்லிக்கொள்வர். நீங்கள் சந்தைக்குச் செல்லும் நாளில் அத்தோட்டக்காரர் முன் நின்று, அவர் அவ்வெங்காயத்துக்கு இறைத்த நீரையும் ஒருகால் நினைந்து விலை கேளுங்கள்.