ஆமைக்கு அடியில் என்ன இருக்கிறது?

அட்டைப்பெட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "பத்து நாளா வெளிக்கே போகலை டாக்டர், தீனியும் தொடலை" என்றார் அந்த அம்மா. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு சல்கேட்டா ஆமைக் குட்டி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், குடல் முழுக்கச் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை. கூண்டில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "கடைக்காரரே குடுத்தார் டாக்டர், கால்சியம் மணல். முழுங்கினாலும் கரைஞ்சுடுமாம்."

கரையவில்லை. ஈரம் பட்டதும் இறுகி, சிமெண்ட் உருண்டையாகக் குடலில் உட்கார்ந்திருந்தது.

ஆமை வளர்க்கிறவர்கள் என்னிடம் தீனியைப் பற்றிக் கேட்பார்கள், விளக்கைப் பற்றிக் கேட்பார்கள், பெயர்கூடக் கேட்பார்கள். காலுக்கு அடியில் என்ன போடுவது என்று கேட்டவரைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அது வெறும் அலங்காரம், கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்ற நினைப்பு. ஆமை அந்தத் தரையில் வாயை வைத்துத்தான் தின்கிறது, அதிலிருந்து எழும் காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறது, அதற்குள் புதைந்துதான் தூங்குகிறது. அதன் மூக்கு தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் மீதி விளங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் நிலத்தில் வாழ்வதும் ஆமை, நீரில் வாழ்வதும் ஆமை. காதோரம் சிவப்புக் கோடு போட்டு மீன் கடையில் விற்பது நீராமை. அதற்குத் தண்ணீர்த் தொட்டியும் ஏறி வெயில் காய ஒரு மேடையும் வேண்டும், படுக்கை வேண்டாம். யானைக்கால் மாதிரித் தூண் கால்களோடு நடப்பது நில ஆமை. அதைத் தண்ணீர் டப்பில் போட்டு மூழ்கடித்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. இங்கே நான் பேசுவது நில ஆமையைப் பற்றி மட்டும்.

மணல் வேண்டாம். ஆற்று மணல், கடற்கரை மணல், எம்-சாண்ட், பையில் வண்ணம் போட்டு விற்கும் கால்சியம் மணல், எதுவும் வேண்டாம். "பாலைவனத்துப் பிராணிதானே" என்று வாதாடுகிறார்கள். சல்கேட்டா சகாராவின் தென்விளிம்பைச் சேர்ந்தது என்பது உண்மை. அது அங்கே வெயில் நேரத்தைக் கழிப்பது மணல்மேல் அல்ல. ஆழமாகத் தோண்டிய வளைக்குள், ஈரம் காயாத மண்ணில். எம்-சாண்ட் என்பது உடைத்த கருங்கல். அந்தத் துகளின் முனை கூர்மையானது. கடல் மணலில் உப்பு. கால்சியம் மணல்தான் எல்லாவற்றிலும் மோசம். உடம்பில் சுண்ணாம்புச்சத்து குறைந்த ஆமை அதைத் தேடித் தேடித் தின்னும்.

அடுத்தது மரத்தூள். தச்சுப் பட்டறையில் சும்மா கிடைக்கிறது என்று சாக்கில் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அதில் பாதி பிளைவுட் தூள், அதாவது பசையும் ஃபார்மால்டிஹைடும். மீதியில் வார்னிஷ் எவ்வளவு என்று பட்டறைக்காரருக்கே தெரியாது. முயலுக்கும் வெள்ளெலிக்கும் விற்கும் பைன் சீவலும் ஆகாது. தேவதாரு, பைன் போன்ற மரங்களின் வாசனை எண்ணெய் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். நமக்கு உதரவிதானம் இருக்கிறது, இருமிச் சளியைத் துப்புகிறோம். ஆமைக்கு அது இல்லை, இரும முடியாது. நுரையீரலில் சேர்ந்தது சேர்ந்ததுதான்.

செய்தித்தாளை நோய்ப்பட்ட ஆமைக்கோ, புதிதாக வந்து தனியே வைத்திருக்கும் ஆமைக்கோ சில நாள் விரிக்கலாம். கழிவைக் கண்ணால் பார்க்க வசதி. அதுவே நிரந்தரமானால் கால் வழுக்கி அகன்றுவிடும். மொசைக், டைல்ஸ் தரையும் அப்படித்தான். செயற்கைப் புல்லின் பிளாஸ்டிக் இழை வயிற்றுக்குள் போகும். பூனைக் கழிவு மணல் தண்ணீரில் பொங்கும் களிமண். வைக்கோல் ஈரமானால் இரண்டே நாளில் பூஞ்சை, காய்ந்திருந்தால் சூடேற்றும் விளக்குக்குக் கீழே தீப்பிடிக்கும் பொருள். விளக்கைக் கவ்வியில் மட்டும் தொங்கவிடாமல் சங்கிலியாலும் கட்டுங்கள்.

சரி, எதைத்தான் போடுவது? பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் மூட்டை மூட்டையாக உலகத்துக்கே ஏற்றுமதியாகும் தென்னை நார்த்தூள், நர்சரிக்காரர் மொழியில் கோகோபீட். வெளிநாட்டில் ஆமை வளர்ப்பவர்கள் காசு கொட்டி வாங்குவது இதைத்தான். நாம் இதை மாடியில் ரோஜாவுக்குப் போட்டுவிட்டு ஆமைக்கு மணல் தேடுகிறோம்.

வாங்கும்போது "கழுவினதா" என்று கேளுங்கள். கழுவாத தூளில் உப்பு இருக்கும். கழுவியது என்று சொன்னாலும் வீட்டில் இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்து வடித்துவிடுங்கள். 650 கிராம் கட்டி ஊறினால் சுமார் 8 லிட்டர் தூள் கிடைக்கும். நீள நார்கள் கையில் அகப்பட்டால் பொறுக்கி எறியுங்கள். குட்டியின் காலில் சுற்றி இறுகிப் புண்ணாக்கும். "தொட்டிக் கலவை" என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள். அதில் வேப்பம் பிண்ணாக்கு, உரம், பெர்லைட் என்ற வெள்ளை உருண்டைகள் எல்லாம் கலந்திருக்கும். வெள்ளை உருண்டையைத் தீனி என்று நினைத்து விழுங்கும்.

நார்த்தூள் மட்டும் போட்டால் காய்ந்ததும் புழுதியாகப் பறக்கும். ஆகவே இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு நார்த்தூள் கலந்துகொள்ளுங்கள். மண் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். குருணை மருந்து போட்ட வயல் மண்ணும், கரையான் மருந்து அடித்த மனை மண்ணும் விஷம். தெரிந்தவர் தோட்டத்தில், மருந்து படாத இடத்தில் எடுத்து, சலித்துக் கல் நீக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள்.

ஆழம் குறைந்தது 10 செ.மீ.; குட்டி முழுதாகப் புதையும் அளவு. ஈரத்துக்கு ஒரு பக்குவம் உண்டு. பிடிகொழுக்கட்டை பிடிப்பதுபோல ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருவம் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. மேல்பரப்பு காய்ந்திருக்கலாம், அடியில் ஈரம் தங்க வேண்டும். அதனால் மேலே தெளிக்காமல் ஓரமாக ஊற்றுங்கள். ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஏசி அறையில் ஈரப் படுக்கை என்பது நிமோனியாவுக்கு அழைப்பு. வெயில் காயும் மூலையில் 32 முதல் 35 டிகிரி, குளிர்ந்த மூலையிலும் 26க்குக் குறையாமல் வைத்திருந்தால் பயமில்லை.

ஈரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2003இல் வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சல்கேட்டா குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஓடு கோபுரம் கோபுரமாகப் புடைத்துக்கொள்வதற்கு முதல் காரணம் வறட்சி. புரதத் தீனியின் பங்கு சிறிதுதான் என்று தெரிந்தது. அதுவரை எல்லோரும் தீனியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புடைத்த ஓடு திரும்பத் தட்டையாகாது.

தீனியைப் படுக்கைமேல் கொட்டாதீர்கள். ஒரு கடப்பாக் கல் துண்டின்மேல் வையுங்கள். மண் வாய்க்குள் போகாது, நகமும் தேயும். தண்ணீருக்குப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு போதும். கழிவைத் தினமும் அள்ளுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் மாற்றுங்கள். அள்ளப் பயன்படுத்தியதைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். ஆமையிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை உள்ள வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தொடவே கூடாது.

மூக்கில் நுரைக் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, பின்னங்கால் இழுபடுதல், அடியோட்டில் நாற்றம், ஒரு வாரமாகக் கழிவில்லாமை: இதில் எது தெரிந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். விளக்கெண்ணெய் புகட்டி மூச்சுக்குழாயில் இறக்கிவிட்டுக் கொண்டுவருகிறார்கள். வெதுவெதுப்பான நீரில், தாடை மூழ்காத ஆழத்தில், இருபது நிமிடம் உட்காரவைத்துவிட்டுக் கிளம்புங்கள். தெருமுனை நாய்-பூனை மருத்துவர் எல்லோருக்கும் ஆமை தெரியாது. ஊர்வன பார்ப்பாரா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது படுக்கையில் ஒரு பிடியையும், அது வந்த பையையும் கொண்டுபோங்கள்.

பையைத் தூக்கி எறியாதீர்கள். பில்லையும். வழக்குக்கு அதுதான் முதுகெலும்பு. "விழுங்கினாலும் பாதுகாப்பு" என்று அச்சிட்டு விற்றது பொய் என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பில், பை, எக்ஸ்ரே, மருத்துவர் எழுதிக்கொடுத்த அறிக்கை நான்கும் வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பையில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், எடை, மாதம், வருடம் எதுவும் இல்லையா? அது பொட்டலப் பொருள் விதிகளுக்கு விரோதம். தமிழ்நாட்டில் அந்தப் புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை: உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). எடையும் அளவும் அந்தத் துறையின் பொறுப்பு என்பது பலருக்குத் தெரியாமல், காவல் நிலையத்தில் போய் நிற்கிறார்கள்.

இன்னொரு தாள் இதைவிட முக்கியம். சல்கேட்டா, செங்கால் ஆமை போன்ற வெளிநாட்டு நில ஆமைகளை வைத்திருப்பவர் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக ஆமை கைக்கு வந்தால் 30 நாளுக்குள். கட்டணம் 1000 ரூபாய். விண்ணப்பம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பதை 2020இல் அரசிடம் தானாக முன்வந்து அறிவித்தபோது வாங்கிய சீட்டைக் காட்டி "எங்கிட்ட இருக்கே" என்கிறார்கள். அது வேறு, இது வேறு. வனத்துறை அலுவலகம் ஒன்றில் இதுபற்றிக் கேட்டபோது, "ஆன்லைன்ல போடுங்க சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். எப்படிப் போடுவது என்று சொல்ல ஆளில்லை. அப்படி நேர்ந்தால் கோரிக்கையை இரண்டு படியில் எழுதிக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்துக்குப் போங்கள், ஒன்றைக் கொடுத்து மற்றதில் முத்திரை வாங்குங்கள். விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடந்தால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

நட்சத்திர ஆமைக்கு எந்தப் பதிவும் கிடையாது. நம் மண்ணின் உயிர், 2023 ஏப்ரல் முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி சொன்னவர், இந்த ஆமைக்குப் பின்னாலேயே வனத்துறை வரும் என்று கண்டாரோ என்னவோ. அதிர்ஷ்டம் என்று யாரோ பரிசளித்ததாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். வழியில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிலோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். கண்ட காட்டில் கொண்டுபோய் விடுவதும் தவறு. ஒரு கூண்டின் நோயை ஒரு காட்டுக்கே கொடுத்துவிடுவீர்கள்.

கடையில் வாங்குமுன் மாநில விலங்கு நல வாரியப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 2018 விதிகளின்படி அது இல்லாத கடை நடத்தக் கூடாது. முகம் சுளித்தால் வந்துவிடுங்கள். இன்று உள்ளங்கையில் உட்காரும் சல்கேட்டா 40 கிலோவுக்குமேல் போகும், உங்களுக்குப் பிறகும் உயிரோடிருக்கும் என்பதையும் அந்தக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

அந்தக் குட்டி பிழைத்தது. அடியோட்டை அறுத்துத் திறந்து மணல் உருண்டையை எடுக்க வேண்டியிருந்தது. உங்கள் கூண்டில் இப்போது மணலோ மரத்தூளோ இருந்தால், இதை மூடிவைத்துவிட்டு முதலில் போய் அதை அள்ளிக் கொட்டுங்கள். கோகோபீட் நாளைக்குக் கிடைக்கும். அதுவரை செய்தித்தாள் போதும்.