சார்ஜ் எடுத்துக்கங்க சார்!

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி ஆபீஸ் நாற்காலியில் உட்காருவதற்குள் ‘சார்ஜ்’ என்ற வார்த்தை எத்தனை தடவை காதில் விழுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். ஏழு.

‘போன்ல சார்ஜே நிக்க மாட்டேங்குது’ (தங்கை). ‘ஆட்டோ சார்ஜ் குடுத்துட்டுப் போடா’ (அம்மா). டீக்கடையில் எனக்கு முன்னால் விரிந்திருந்த பேப்பரில் ஒரு சார்ஜ் ஷீட், அதே பக்கத்தில் ஒரு லத்தி சார்ஜ். பஸ்ஸில் ஒருவர், ‘ஆம்னிக்காரன் லக்கேஜுக்குத் தனி சார்ஜ் கேக்கறான் சார்’ என்று முன் சீட்டிடம் புலம்பினார். பின் சீட்டில் ஒரு அம்மாள், ‘டிஸ்சார்ஜ் இன்னிக்கா, நாளைக்கா?’ என்று போனில் கத்தினார். ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி சிரித்தபடி, ‘மேனேஜர் லீவாம். இன்னிக்கு நீங்கதான் இன்-சார்ஜ்’ என்றார். முதல் ஆறையும் தாங்கிக்கொண்டேன். ஏழாவதில்தான் வயிற்றைக் கலக்கியது. காரணம் பிறகு.

ஒரே வார்த்தை கட்டணமாகவும், குற்றமாகவும், தடியடியாகவும், மின்சாரமாகவும், பதவியாகவும் எப்படி இருக்க முடியும்? விசாரித்ததில், ஏழும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தது. தாத்தா பெயர் வண்டி.

லத்தீன் மொழியில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. அதுவும் லத்தீனின் சொந்தச் சொத்து இல்லை, கெல்ட் இனத்தாரிடம் வாங்கியது. அதிலிருந்து, வண்டியில் சரக்கு ஏற்றுவதற்கு ஒரு வினைச்சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் ‘சார்ஜ்’ ஆனது. ஆக, சார்ஜ் என்றால் சுமை ஏற்றுவது, அவ்வளவுதான். நாம் ஓட்டும் கார் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். கப்பலில் வரும் ‘கார்கோ’ பங்காளி. அரசியல் தலைவர்களின் மூக்கைப் பெரிதாக்கிப் போடும் ‘கேரிகேச்சர்’ கூட இந்தக் குடும்பம்தான்; முகத்தில் கொஞ்சம் அதிகமாகச் சுமை ஏற்றி வரைவது.

இந்தச் சாவி கிடைத்துவிட்டால் எல்லாப் பூட்டும் திறக்கும். பீரங்கியில் மருந்தை ஏற்றினால் சார்ஜ். தலையில் வேலையை ஏற்றினால் சார்ஜ். பில்லில் ரூபாயை ஏற்றினால் சார்ஜ். ஒருவர் மேல் பழியை ஏற்றினாலும் சார்ஜ்.

வேடிக்கை என்னவென்றால், லத்தீன் வாசனையே இல்லாத நாமும் இதையேதான் செய்திருக்கிறோம். குற்றத்தைச் ‘சுமத்து’கிறோம். வரியைச் சுமத்துகிறார்கள். போனில் சார்ஜ் ‘ஏறு’கிறது. பஸ் சார்ஜும் ‘ஏறு’கிறது; 2018 ஜனவரியில் ஏறியபோது மாணவர்கள் தெருவுக்கே வந்தார்கள். பொறுப்பு என்ற சொல்லைப் பாருங்கள். ‘பொறு’ என்பதிலிருந்து வந்தது. பொறுத்தல் என்றால் சுமப்பது, சகித்துக்கொள்வது, இரண்டும்தான். பொறை என்றால் பாரம். பொறுமைக்கும் அதே பெயர். பொறுப்பு ஏற்றால் பொறுமையும் வேண்டும் என்று தமிழ் முன்கூட்டியே எச்சரித்து விட்டது. நம் பாட்டன்மார் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்திருந்தார்கள். யார் உதவியும் இல்லாமல் தலைச்சுமையை அதன் மேல் இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கலாம். ஆபீஸ்களில் அப்படி ஒரு கல் இல்லை. கேன்டீன் இருக்கிறது.

மின்சாரத்துக்கு இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின். 1740களில் கண்ணாடி ஜாடியில் மின்சாரத்தைச் சேமிக்கும் சோதனைகள் செய்து, லண்டன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். துப்பாக்கியில் மருந்து ஏற்றுவது மாதிரி ஜாடியில் மின்சாரம் ஏற்றுவதை ‘சார்ஜ்’ என்றார். பல ஜாடிகளை வரிசையாக இணைத்து, அதற்கு பீரங்கி வரிசையின் பெயரான ‘பேட்டரி’யைச் சூட்டினார். ஆக, உங்கள் சட்டைப் பையில் இருப்பது, வார்த்தைக் கணக்கில், மருந்து ஏற்றிய ஒரு பீரங்கிப் படை. சில மாடல்கள் நிஜமாகவே சூடாகின்றன.

போன் விஷயத்தில் இந்த வார்த்தை நம் கண் முன்னால் கட்சி மாறியது. எஸ்.டி.டி. பூத் காலத்தில் இரவு ஏற ஏற சார்ஜ் இறங்கும். அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போய் பூத் வாசலில் காத்திருப்பார். 1995 ஜூலை 31-ல் இந்தியாவில் செல்போன் வந்தது. கூப்பிட்டவருக்கும் சார்ஜ், கூப்பிடப்பட்டவருக்கும் சார்ஜ். 2003-ல்தான் இன்கமிங் இலவசமானது. அதுவரை ‘சார்ஜ் ஆயிடும், சீக்கிரம் பேசு’ என்றார்கள். இப்போது ‘சார்ஜ் போயிடும், சீக்கிரம் பேசு’ என்கிறார்கள். அன்றைக்கு ஆகக்கூடாது, இன்றைக்குப் போகக்கூடாது. மாமியார் கேட்பதென்னவோ ரெண்டு காலத்திலும் ஒரே கேள்விதான்: ‘சாப்டாச்சா?’

பணம் என்று வந்தால் பி.காம். படித்தவனைக் கையில் பிடிக்க முடியாது. எங்களுக்குக் கல்லூரியில் இரண்டு சமாசாரம் சொல்லித் தந்தார்கள். லாபத்தின் மேல் ‘சார்ஜ்’, லாபத்தின் ‘பங்கீடு’. வாடகை, கடன் வட்டி, தேய்மானம் எல்லாம் சார்ஜ். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் எழுதியே ஆக வேண்டும். பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் தருவது, ரிசர்வுக்கு எடுத்து வைப்பது எல்லாம் பங்கீடு, லாபம் இருந்தால்தான். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. மாதச் சம்பளக்காரனுக்கு வாழ்க்கைக் கேள்வி. வீட்டு வாடகை, இ.எம்.ஐ., ஸ்கூல் பீஸ் மூன்றும் சார்ஜ். குற்றாலம் டூர் பங்கீடு. இருபத்தைந்து வயதில் சம்பளத்தில் பாதி பங்கீடாக இருக்கிறது. கல்யாணமாகி முப்பத்தைந்தைத் தொடுவதற்குள் முழுக்க சார்ஜ் ஆகிவிடுகிறது. கம்பெனிச் சட்டத்தில் ‘ப்ளோட்டிங் சார்ஜ்’ என்று ஒன்று உண்டு. கடன் கொடுத்த வங்கியின் உரிமை, கம்பெனியின் சரக்கு மேல் மிதந்துகொண்டே இருக்கும். சரக்கை விற்கலாம், வாங்கலாம், வங்கி ஒன்றும் சொல்லாது. தவணை தவறினால் மட்டும் மிதந்தது சட்டென்று இறங்கி, இருக்கிற சரக்கைக் கவ்விக்கொள்ளும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியின் நோட்டு ஞாபகம் வந்தது.

ஹோட்டல் பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஏற்றுகிறார்களே, அது வரி என்று நினைத்துப் பேசாமல் கட்டுகிறவர்கள் உண்டு. வரி இல்லை. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. கட்டாயமாக வசூலிக்க முடியாது என்று டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அடுத்த தடவை பில்லைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கூட வந்தவர் பெண் பார்த்துப் பேசி முடித்தவராக இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

பேப்பரில் வரும் சார்ஜ் ஷீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சார்ஜ் ஷீட் போட்டாச்சு, ஆள் காலி’ என்று டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிடுகிறார்கள். அது விசாரணை முடிந்து போலீஸ் கோர்ட்டில் கொடுக்கும் அறிக்கை. குற்றச்சாட்டை முறைப்படி வனைவது கோர்ட். அதற்கு முன்பே, ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று நீதிபதி விடுவித்து விடவும் செய்யலாம். அதன் பெயரும் டிஸ்சார்ஜ்தான்! கைதானவர் உள்ளே இருக்கும்போது 60 அல்லது, பெரிய குற்றங்களுக்கு, 90 நாளுக்குள் போலீஸ் அறிக்கை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பது அவர் உரிமை. 2024 ஜூலையில் சட்டத்தின் பெயர் மாறியும் இந்தக் கணக்கு மாறவில்லை. சுமத்துகிறவர்களுக்கும் ஒரு கெடு இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் வேறு ரகம். சார்ஜ் கட்டினால்தான் டிஸ்சார்ஜ்.

இப்போது வயிற்றைக் கலக்கிய இன்-சார்ஜுக்கு வருகிறேன். தனியார் கம்பெனியில் இது ‘ஒரு வாரம் பாத்துக்கப்பா’ என்று தொடங்கும். சம்பளம் பழசு, கையெழுத்து புதுசு. அரசு அலுவலகத்தில் இதற்கு முழு மரியாதை உண்டு. ‘முழு கூடுதல் பொறுப்பு’ என்று ஆர்டர் வரும். கையெழுத்துக்குக் கீழே பதவியை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொ’ என்று ஒரு எழுத்து. அந்த ஒற்றை எழுத்து எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

எனக்கு ஒரு மாமா. தென் மாவட்டம் ஒன்றில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். பக்கத்து ஆபீசில் இருந்தவருக்கு மாறுதல் வந்தது. ‘பத்து நாள் பாத்துக்கங்க’ என்றார்கள். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் நாலு பக்கம். இரும்பு பீரோ 3, மர நாற்காலி 12, சுவர்க் கடிகாரம் 1 (ஓடாதது), பயன்படுத்தாத ரசீதுப் புத்தகம் 20. போகிறவருக்கு நாலு மணி பஸ். மாமா மனிதாபிமானி. கட்டைப் பார்த்தார், எண்ணவில்லை, ‘பிற்பகல்’ என்று போட்டுக் கையெழுத்திட்டார். பத்து நாள் பத்தொன்பது மாதம் ஆனது.

தணிக்கை வந்தது. ரசீதுப் புத்தகம் 19. நாற்காலி காணாமல் போனால் விலையைப் பிடித்துக்கொள்வார்கள். ரசீதுப் புத்தகம் காணாமல் போனால் அதை வைத்து யாரோ எங்கேயோ பணம் வசூலிக்கலாம். விதி 17(பி)-யின் கீழ் சார்ஜ் மெமோ. தமிழ்நாட்டு அரசு ஊழியர் வீடுகளில் ‘செவன்டீன் பி’ என்றால் சின்னக் குழந்தையும் விளையாட்டை நிறுத்தும். சார்ஜ் எடுத்தவருக்கே சார்ஜ். அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் மாமா பெயர் வரவில்லை; ‘குற்றச்சாட்டு நிலுவை’. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர் மேலே போனார். அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். மாமா ஆபீஸ் விஷயம் பேசுவதையே விட்டார். நான் பி.காம். முடித்து முதல் வேலைக்குக் கிளம்பியபோது மட்டும், ‘மாப்ளே, எதுல வேணா கையெழுத்துப் போடு. எண்ணிட்டுப் போடு’ என்றார்.

ஓய்வு பெறப் பத்து மாதம் இருக்கும்போது அந்த ஆபீசுக்கு வெள்ளையடித்தார்கள். பீரோவை நகர்த்தினார்கள். ஆடாமல் இருப்பதற்காக அதன் ஒரு காலுக்குக் கீழே யாரோ எப்போதோ எதையோ மடித்துக் கொடுத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் இருபதாவது ரசீதுப் புத்தகம். நூறு தாளும் அப்படியே இருந்தன, கொஞ்சம் நசுங்கி.

மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. பதவி உயர்வு கணக்குப் பார்த்து வந்து சேர்வதற்குள் மாமா ரிட்டயர் ஆகிவிட்டார். புத்தகத்தைத் தடயமாகக் கோப்பில் சேர்த்துவிட்டதால், பீரோ ரொம்ப நாளைக்கு ஆடிக்கொண்டே இருந்ததாம்.