தீப்பிடிக்காத பேட்டரி வருமா?

கைப்பேசி, பில் போடும் கருவி, இன்வெர்ட்டர், சரக்கு ஏற்றும் மின்சார வண்டி என நமது கடைகளில் பல இடங்களில் லித்தியம் பேட்டரி புகுந்துவிட்டது. 1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கு இது. எடை குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் ஒரு குறை உண்டு. பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே லித்தியம் போய்வருவதற்காக, எளிதில் தீப்பற்றும் திரவம் உள்ளே இருக்கிறது. ஷார்ட் ஆனால் சூடேறி எரியும். எண்ணெய் டின்னும் அட்டைப் பெட்டியும் அடுக்கிய கடைக்கு இது சாதாரண விஷயமல்ல.

திரவத்துக்குப் பதிலாக எரியாத பீங்கானை வைத்தால் என்ன? சாதாரணப் பீங்கான் வழியே லித்தியம் ஓடாது. நன்றாக ஓடக்கூடிய பீங்கான் ஒன்றை 2007-ல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் ராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் ஆகிய மூவரும் அறிவித்தனர். லித்தியம், லாந்தனம், சிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த பொருள் அது. இவர்களில் முருகன் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வைத் தொடர்ந்தார்.

பொடிகளை அரைத்து, அழுத்தி, 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட வேண்டும். அந்தச் சூட்டில் லித்தியம் ஆவியாகிக் குறையும். நகைக்குச் சேதாரம் கணக்கிடுவதுபோல், லித்தியம் உப்பை 10 சதவீதம் கூடுதலாகவே போட்டார்கள்.

பிறகு ஏன் கடைக்கு வரவில்லை? தகடு மெல்லியதாக இருக்க வேண்டும், மெல்லியதானால் உடைகிறது. வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் ஊசிபோல் வளர்ந்து, பீங்கான் துகள்களின் இடுக்கு வழியே மறுபக்கம் போய் ஷார்ட் ஆக்குகிறது. காற்றின் ஈரம் பட்டால் மேற்பரப்பும் கெடுகிறது. இவற்றைத் தீர்க்கவே பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது.

ஆகவே 'பீங்கான் பேட்டரி' என்று யாரேனும் கூடுதல் விலை சொன்னால், உள்ளே திரவம் உண்டா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் தாளில் பீங்கான் பூச்சு மட்டும் கொடுத்த பேட்டரிகளும் உண்டு. அவற்றில் திரவம் இருக்கவே செய்கிறது.

தற்சமயம் இன்வெர்ட்டருக்கு 'எல்.எஃப்.பி.' எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகையைக் கேட்டு வாங்கலாம். 1997-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் அறிவித்த பொருள் இது. தீப்பிடிக்கவே பிடிக்காது என்பதல்ல; மற்ற லித்தியம் வகைகளைவிட அபாயம் குறைவு.

எந்த வகையானாலும் அதற்குரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். சரக்கு மூட்டைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட வேண்டாம். வீங்கிய பேட்டரியை அன்றே மாற்றுவது நலம். புதுப் பீங்கான் வரும்போது வரட்டும். கடையைக் காப்பது இன்றைய நம் கவனமே.