சினைப்பைக் கட்டி: எது புற்று, எது இல்லை?

ஆவூர் போன்ற சிற்றூரிலிருந்து திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ போய் ஸ்கேன் எடுத்த பெண்ணிடம் 'சினைப்பையில் நீர்க்கட்டி' என்று சொல்லிவிட்டால், அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அதே வீட்டில் ஐம்பதைத் தாண்டிய அம்மாவுக்கு வாரக்கணக்கில் வயிறு உப்பி, இரண்டு வாய்ச் சோற்றிலேயே நிறைந்துபோனால் 'வாயு' என்று ஓமத்தண்ணீர் கொடுத்து விட்டுவிடுகிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது இந்த உப்புசத்துக்குத்தான்.

மாதவிடாய் வரும் வயதில், முட்டை வளரும் சிறு பை சில சமயம் உடையாமல் நீர் கோத்து நிற்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும். இளம்பெண்களுக்குச் சொல்லப்படும் பிசிஓடி கட்டியே அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள். டெர்மாய்டு கட்டிக்குள் முடியும் கொழுப்பும், ஏன், பல்லும்கூட இருக்கும். பார்க்க அச்சமூட்டினாலும் அது அநேகமாகப் புற்றல்ல. முறுக்கிக்கொண்டால் மட்டும் வலி தாங்காது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சினைப்பைப் புற்றில் அதிகம் காணப்படும் வகை பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. பக்கத்திலுள்ள கருக்குழாயின் நுனியில், மரபணுப் பழுதைச் சரிசெய்ய முடியாமல் போன ஒரு செல்லில் தொடங்குகிறது. உதிரும் செல்கள் சினைப்பையில் ஒட்டி வளர்கின்றன. வயிற்றறை நீரோடு மிதந்து குடலை மூடிய கொழுப்புத்திரை வரை போய்ப் பதிகின்றன. வயிற்றில் நீர் சேர்கிறது. அந்த உப்புசத்தைத்தான் வாயு என்கிறோம். மார்பகப் புற்றுக்கும் காரணமாகும் பிஆர்சிஏ-1 மரபணுக் குறையோடு பிறந்த பெண்கள் நூறு பேரில் சுமார் 40 பேருக்குச் சினைப்பைப் புற்று வரலாம். மற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆகவே, தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்று வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஸ்கேனில் மெல்லிய சுவரும் உள்ளே வெறும் நீருமாக இருந்தால் அநேகமாகப் பயமில்லை. திடமான பகுதி, உட்சுவரில் முளைகள், அவற்றில் இரத்த ஓட்டம், வயிற்றில் நீர் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. மாதவிடாய் நின்ற பெண் என்றால் கூடுதலாகவே. சிஏ-125 இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. மாதவிலக்கின்போதுகூட அதன் அளவு ஏறும். முதல் கட்டப் புற்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏறவே ஏறாது.

சந்தேகம் வந்தால் புற்றுநோய் அறுவை மருத்துவரிடமே போக வேண்டும். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து 1954-ல் உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் சந்தேகக் கட்டியை ஊசியால் குத்திப் பார்ப்பதில்லை; உடைந்தால் புற்றுச் செல்கள் வயிற்றுக்குள் சிந்திவிடும். முழுசாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அங்கே வரும் முடிவை வைத்துத்தான் மேற்கொண்டு சிகிச்சை.